மானியக் கடனா, முத்ராவா? தொழில் தொடங்கும் பெண்களுக்கு ஓர் அலசல்

தமிழ்நாட்டில் தொழில் தொடங்கக் கடன் கேட்டுப் போகும் பெண்ணின் காதில் விழும் பெயர்கள் பெரும்பாலும் நான்கு: ஒன்றிய அரசின் பி.எம்.இ.ஜி.பி. (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்), மாநில அரசின் யு.ஒய்.இ.ஜி.பி. (வேலையற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்புத் திட்டம்), உணவுப் பதப்படுத்தும் தொழிலுக்கான ஒன்றிய அரசுத் திட்டம் பி.எம்.எஃப்.எம்.இ., பிறகு சிறுதொழில் கடனான முத்ரா. பொருளைத் தயாரித்து விற்கும் தொழில், இடமும் ஊராட்சி எல்லைக்குள் என்றால் என் ஓட்டு பி.எம்.இ.ஜி.பி.க்குத்தான்.

முத்ராவை முதலில் முடித்துவிடலாம். கடன் தொகையைப் பொறுத்துப் பிரிவுகள்: 50,000 ரூபாய் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். சொத்துப் பிணை கேட்கக் கூடாது. மானியமும் கிடையாது, முத்ராவில் மானியம் வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்பவரை நம்ப வேண்டாம். ஒரு தையல் மெஷின், ஒரு மாவு கிரைண்டர் அளவுத் தேவைக்கு இது போதும். மகளிர் சுயஉதவிக் குழுவில் இருப்பவர்கள் அதற்கும் முன்னால் குழுக்கடனைப் பார்க்கலாம்: குழுவுக்கு 3 லட்சம் வரை 7 சதவீத வட்டிதான்.

பி.எம்.இ.ஜி.பி.யில் உற்பத்தித் தொழிலுக்குத் திட்ட மதிப்பு, அதாவது தொழிலுக்கு ஆகும் மொத்தச் செலவு, 50 லட்சம் வரை, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை. பெண்கள் எல்லாருமே சிறப்புப் பிரிவு என்பதால் சொந்தப் பணம் 5 சதவீதம் போட்டால் போதும். மானியம் கிராமத்தில் 35, நகரத்தில் 25 சதவீதம். வருமான வரம்பு இல்லை. உற்பத்தியில் 10 லட்சத்துக்கும் சேவையில் 5 லட்சத்துக்கும் மேல் போனால் மட்டும் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும்.

பலரும் தடுக்கி விழும் இடம் மானியத்தின் அளவு இல்லை, அது வந்து சேரும் விதம்தான். ஊராட்சிப் பகுதியில் 10 லட்சத்துக்கு ஒரு தையல் யூனிட் என்று வைத்துக்கொள்வோம். சொந்தப் பணம் 50,000, வங்கிக் கடன் 9.5 லட்சம், மானியம் 3.5 லட்சம். அந்த 3.5 லட்சம் உங்கள் கைக்கு வராது. கடன் கொடுத்த கிளையிலேயே உங்கள் பெயரில் டெபாசிட்டாக மூன்று ஆண்டு கிடக்கும். யூனிட் ஓடுகிறது என்று நேரில் பார்த்து உறுதி செய்த பிறகே கடனில் கழிப்பார்கள். அந்த டெபாசிட்டுக்கு வட்டி வராது. அதற்கு ஈடாக, கடனில் அதே 3.5 லட்சத்துக்கு வங்கியும் வட்டி போடக் கூடாது.

இந்த இரண்டாவது பாதியைத்தான் ஆண்டு முழுக்கக் கவனிக்க வேண்டும். வட்டி 11 சதவீதம் என்றால் 3.5 லட்சத்துக்கு ஆண்டுக்கு 38,500 ரூபாய். மானியம் வந்த தேதியிலிருந்து ஸ்டேட்மென்ட்டில் வட்டி இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கவில்லை என்றால் மேனேஜரிடம் எழுத்தில் கேளுங்கள். தவணையும் அப்படியே: ஐந்து ஆண்டுக்கு 9.5 லட்சத்துக்குக் கணக்கிட்டால் மாதம் சுமார் 20,650, மானியம் போக மீதி 6 லட்சத்துக்கு என்றால் சுமார் 13,050. உங்கள் கிளை எந்தக் கணக்கில் போடுகிறது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். மானியம் வரும் வரை முழுக் கடனுக்கும் வட்டி ஓடும் என்பதால், மானியத்துக்காக முடிக்க வேண்டிய தொழில்முனைவோர் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். 5 லட்சம் வரையான திட்டத்துக்கு ஐந்து நாள், அதற்கு மேல் பத்து நாள்.

சரக்கு, கூலி போன்ற அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனத்தில் இன்னொரு கண்ணி. அதற்காக வங்கி தரும் கேஷ் கிரெடிட் (தேவைக்கு எடுத்துத் திருப்பிக் கட்டும் கடன்) வரம்பை மூன்று ஆண்டுக்குள் ஒரு முறையாவது முழுமையாக எடுத்திருக்க வேண்டும், பயன்பாடு 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. தவறினால் அந்த விகிதத்துக்கு மானியத்தைத் திரும்ப எடுப்பார்கள். கடனைத் தொடாமல் சிக்கனமாக இருப்பவருக்குத் தண்டனை, வேடிக்கைதான்! ஆகவே நடைமுறை மூலதனத்தை உண்மையில் சுழலும் அளவுக்கே கேளுங்கள். நிலத்தின் விலையைத் திட்டத்தில் சேர்க்க முடியாது. ஷெட் வாடகையை மூன்று ஆண்டு வரை சேர்க்கலாம்.

நகரமா கிராமமா என்பதைத் தீர்மானிப்பது தொழில் நடக்கும் இடம், உங்கள் ஆதார் முகவரி இல்லை. சாலையின் இந்தப் பக்கம் நகராட்சி, அந்தப் பக்கம் ஊராட்சி என்றால் 10 லட்சத்துக்கு ஒரு லட்சம் வித்தியாசம். ஊராட்சிகள் மாநகராட்சியோடு இணைந்துகொண்டிருக்கும் காலம் இது. இடத்தின் சமீபத்திய வரி ரசீதைப் பார்த்துவிட்டே வாடகை ஒப்பந்தம் போடுங்கள்.

மளிகை, துணிக்கடை போல வாங்கி விற்கும் வியாபாரத்துக்கு பி.எம்.இ.ஜி.பி.யில் இங்கே அநேகமாக இடமில்லை. அவர்களுக்கு யு.ஒய்.இ.ஜி.பி.: 15 லட்சம் வரை, மானியம் 25 சதவீதம், அதிகபட்சம் 3.75 லட்சம். ஆனால் வயது, குடும்ப வருமானம் இரண்டுக்கும் வரம்பு உண்டு. விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையம் வழியாக.

ஊறுகாய், மசாலாப் பொடி, செக்கு எண்ணெய் என்றால் பி.எம்.எஃப்.எம்.இ.யையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நகரத்திலும் 35 சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம், ஏற்கெனவே ஓடும் யூனிட்டுக்கும் கிடைக்கும். சொந்தப் பணம் மட்டும் 10 சதவீதம். நகரத்துக்குள் உணவுத் தொழில் செய்பவருக்கு இதுவே லாபம். மூன்று ஆண்டுக் காத்திருப்பு இதிலும் உண்டு. எதற்கும் விண்ணப்பிக்கும் முன், நடப்பு நிதியாண்டில் ஒதுக்கீடு இருக்கிறதா என்று தொழில் மையத்தில் கேட்டுவிடுங்கள்.

வரிசை முக்கியம். அவசரத்துக்கு முத்ராவில் மெஷின் வாங்கித் தொழிலை ஆரம்பித்துவிட்டு, அதே தொழிலுக்குப் பிறகு பி.எம்.இ.ஜி.பி.யின் இந்த மானியம் கேட்டால் ‘இது புதிய நிறுவனம் இல்லை’ என்று திருப்பிவிடுவார்கள். உத்யம் (சிறு, குறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) பதிவில் தொழில் தொடங்கிய தேதி விண்ணப்பத்துக்கு முந்தியதாக இருந்தாலும் இதே கேள்வி வரும். கணவன் மனைவி இருவரில் ஒருவருக்குத்தான் இந்தத் திட்டம் என்பதால், கணவர் முன்பே வாங்கியிருக்கிறாரா என்பதை மெஷின் கொட்டேஷன் வாங்க அலைவதற்கு முன்பே வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.