பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோர் கவனத்திற்கு: அடிமூடியைக் கழற்றிக் காட்டாத டீலரை நம்பாதீர்கள்

ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய ஸ்போர்ட்ஸ் காரை வாங்க எண்ணியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எஞ்சின் நடுவில் அமைந்த, இரண்டு பேர் மட்டும் அமரக்கூடிய கார் ஒன்றைப் பழைய கார் டீலர் ஒருவரிடம் வாங்கினேன். விற்பனைத் தாளில் தரை இடைவெளி, அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடையிலான உயரம், 115 மி.மீ. என்று எழுதியிருந்தது, வண்டியில் உண்மையில் இருந்ததோ 85 மி.மீ. இந்த வேறுபாட்டையும், அதனால் வண்டியின் அடிப்பகுதியில் ஏற்பட்டிருந்த சேதத்தையும் டீலர் தெரிந்தே மறைத்திருந்தார் என்பது பின்னர் புலப்பட்டது. என் புகார் இன்னும் தீராததால் அவர் பெயரைத் தவிர்க்கிறேன். மறைத்த முறையைத் தெரிந்துகொண்டாலே மற்றவர்கள் தப்பித்துக்கொள்ளலாம்.

முப்பது மில்லிமீட்டருக்காகவா இத்தனை ஆதங்கம் என்று சிலருக்குத் தோன்றக்கூடும். தரையிலிருந்து 160 மி.மீ. உயரத்தில் நிற்கும் குடும்பக் காரில் அது பெரிய விஷயமல்ல. ஆனால் ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றுக்கு மொத்த இடைவெளியே 100 முதல் 130 மி.மீ. வரைதான். முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2450 மி.மீ. தூரம் உள்ள வண்டி 115 மி.மீ. உயரத்தில் நின்றால், வயிறு உரசாமல் ஏறத்தாழ 10.7 பாகை முகட்டைக் கடக்கும்; அதே வண்டியை 85 மி.மீ. உயரத்துக்கு இறக்கினால் அந்தக் கோணம் 8 பாகைக்கும் சற்றுக் கீழே போய்விடும். ஆறடி நீளத்துக்கு ஓரடி உயரும் சாதாரணச் சரிவுப் பாதையின் சாய்வு சுமார் 9.5 பாகை. அத்தகைய சரிவில் ஏறிச் சமதளத்தைத் தொடும் இடத்தில் முதல் வண்டி தப்பித்துவிடும், இரண்டாவது வண்டியின் நடுப்பகுதி தரையில் உட்கார்ந்துவிடும். உயரக் குறைவு கண்ணுக்குத் தெரிவதில்லை. வாகன நிறுத்தத்தின் முதல் சரிவில்தான் தெரிகிறது.

முன்பக்கத்தை உயர்த்தும் ஹைட்ராலிக் அமைப்பும் வண்டியில் இருப்பதாகவும் அது நன்றாக இயங்குவதாகவும் டீலர் எழுதிக் கொடுத்திருந்தார். இத்தகைய அமைப்புகள் இந்த வகைக் கார்களுக்குப் புதியவை அல்ல. போர்ஷே 911-இல் தரப்படும் அமைப்பு முன்பக்கத்தைச் சுமார் 40 மி.மீ. உயர்த்துகிறது, மணிக்கு 35 கி.மீ. வேகம் வரை செயல்படுகிறது; 2020-ஆம் ஆண்டு வந்த கார்வெட் ஒருபடி மேலே போய், வண்டியை உயர்த்த வேண்டிய ஆயிரம் இடங்கள் வரை செயற்கைக்கோள் வழிகாட்டியின் உதவியால் நினைவில் வைத்துக்கொள்கிறது. என் வண்டியில் இருந்தது தொழிற்சாலையில் பொருத்தியதல்ல, பிற்பாடு யாரோ பொருத்தியது. விற்பனை நாளில் டீலர் பொத்தானை அழுத்தினார், முன்பக்கம் எழுந்தது, உடனே இறக்கியும் விட்டார். உயர்ந்த நிலையில் அதைச் சிறிது நேரம்கூட நிறுத்திக் காட்டவில்லை என்பதை அப்போது யாரும் சந்தேகத்தோடு பார்த்திருக்க மாட்டார்கள்.

சில வாரங்களில் இடப்பக்க முன்முனை மட்டும் தானாகவே அமிழத் தொடங்கியது. திறந்து பார்த்த மெக்கானிக் இரண்டு செய்திகளைச் சொன்னார். அந்தப் பக்கத்து உருளையின் சீல் வெகுகாலமாகக் கசிந்துகொண்டிருந்தது; எண்ணெய்த் தொட்டியோ அண்மையில்தான் விளிம்பு வரை நிரப்பப்பட்டிருந்தது. கசிவைச் சரிசெய்யாமல், விற்பனை நாளைக் கடந்தால் போதும் என்று எண்ணெயை ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே உயர்த்தும் அமைப்புள்ள வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள், எஞ்சினை ஓடவிட்டபடியே அதை உயர்த்தி, இருபுறமும் சக்கர வளைவின் உயரத்தை அளந்து, அரை மணி நேரம் அப்படியே நிறுத்திவைத்து மறுபடியும் அளந்து பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் தேநீர் குடிக்கலாம் என்று டீலர் அழைத்தாலும் வண்டியின் அருகிலிருந்து நகராதீர்கள்.

இதைவிட மோசமானது அடியில் இருந்தது. எஞ்சினையும் குழாய்களையும் மறைக்கும் பிளாஸ்டிக் தகடான அடிமூடி, பல ஆண்டுகள் ஓடிய அந்த வண்டியில் ஒரு கீறல்கூட இல்லாமல் புத்தம் புதிதாக இருந்தது. முதலில் மகிழ்ச்சி தந்த அந்தத் தூய்மைதான் உண்மையில் எச்சரிக்கை. தாழ்வான கார் ஒன்றின் அடிமூடியில் சிறு உரசல்கள் இருப்பது இயல்பு. அவை இல்லாவிட்டால் ஏன் மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும். மூடியைக் கழற்றியபோது, தொழிற்சாலை ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாக உயரம் குறைந்த ஸ்பிரிங்குகள் இருந்தன. ஸ்பிரிங்கின் துள்ளலைத் தணிக்கும் டேம்பர் இறுதிவரை அமுங்கும்போது தாங்க வேண்டிய ரப்பர் தடுப்புகள் பாதியாக வெட்டப்பட்டிருந்தன. நடு எஞ்சின் கார்களில் ரேடியேட்டர் முன்னாலும் எஞ்சின் பின்னாலும் இருந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் செல்லும் கூலண்ட் குழாய்கள் வண்டியின் அடி நெடுக ஓடும். அந்தக் குழாய்களில் ஒன்று நசுங்கி வெடித்து, வெட்டி எறியப்பட்டு, ரப்பர் துண்டும் கிளாம்பும் போட்டு ஒட்டவைக்கப்பட்டிருந்தது. அது நெடுஞ்சாலையில் பிய்த்துக்கொண்டு போயிருந்தால் எஞ்சினே போயிருக்கும்.

வாங்குவதற்கு முன் சோதனை செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தேன், கட்டணம் கொடுத்து, டீலருக்குத் தொடர்பில்லாதது என்று சொல்லிக்கொண்ட பணிமனையில் செய்தேன். அவர்கள் தந்த நீண்ட அறிக்கையில் 'அடிப்பகுதி: நன்று' என்ற கட்டத்தில் குறி இருந்தது. அடிமூடியைக் கழற்றாமல் அடிப்பகுதி நன்று என்று எப்படி எழுதினீர்கள் என்று பின்னர் கேட்டபோது, கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டுமே சோதிப்பது அவர்களது நடைமுறை என்றார்கள். அந்த விதி அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், படிக்கச் சிரமமான அளவில் அச்சிடப்பட்டிருந்தது. சோதனைக்கு அனுப்பும்போதே 'அடிமூடியைக் கழற்றிப் பார்த்துப் படம் எடுத்துத் தர வேண்டும்' என்று எழுதிக் கேளுங்கள். மறுத்தால் அந்தச் சோதனைக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை.

டீலரிடம் போனபோது அவர் சொன்ன பதில் இந்தத் தொழிலில் எல்லாரும் சொல்வதுதான்: "தாழ்வான வண்டி என்றால் உரசத்தான் செய்யும், சார். நீங்கள் வேகத்தடையில் ஏற்றியிருப்பீர்கள்." இந்தப் பதிலில் பாதி உண்மை இருப்பதால்தான் இது ஆபத்தானது. உரசும் என்பது உண்மை. ஆனால் எங்கே உரசும் என்பதுதான் கேள்வி. சரியான உயரத்தில் உள்ள காரில் முதலில் அடிபடுவது முன் பம்பரின் கீழ் விளிம்பு. அது பெரும்பாலும் தேய்வதற்கென்றே மலிவான பொருளில் தனியாகப் பொருத்தப்படுகிறது. சக்கரங்களுக்கு நடுவே குழாயும், எஞ்சின் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப்பும் அடிவாங்குவது வேறு சங்கதி. மேலும், என் வண்டியில் நசுங்கல் மூடிக்கு மேலே இருந்தது, அதற்குக் கீழே இருந்த மூடியில் கீறலே இல்லை. மூடியைத் தொடாமல் அதற்கு மேலுள்ள குழாயை எந்த வேகத்தடையும் நசுக்க முடியாது; ஆகவே சேதம் மூடியைவிடப் பழையது. இந்த ஒரு வாதத்துக்கு அவரிடம் இன்றுவரை பதில் இல்லை. அவர் தந்த உத்தரவாதத் தாளில் 'தரை உரசலால் வரும் சேதங்கள் நீங்கலாக' என்ற வரி எதற்காக இருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

விற்பனைத் தாளில் உள்ள எண்ணை நம்பாமல் நீங்களே அளக்க வேண்டும். தயாரிப்பாளர் கையேட்டில் தரும் தரை இடைவெளி வண்டியின் நடுப்பகுதியை மட்டும் குறிப்பதாக இருக்கலாம். முன் விளிம்பு அதைவிடத் தாழ்வாக இருக்கலாம், இருவர் அமர்ந்து டேங்கையும் நிரப்பினால் இன்னும் தாழும். சமதளத்தில் நிறுத்தி, டயர்களில் சரியான காற்றழுத்தம் இருப்பதை உறுதிசெய்து, சக்கர மையத்திலிருந்து வளைவின் விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் அளந்தால், ஸ்பிரிங் மாற்றப்பட்டதா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். ஸ்பிரிங்கின் மேல் உள்ள பாக எண்ணையும் நிறக்குறியையும் படமெடுத்துத் தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிடலாம். ஏற்கெனவே தாழ்வாக வடிவமைக்கப்பட்ட காரை அழகுக்காக மேலும் இறக்குபவர்களைப் பற்றி எனக்குக் கருத்து உண்டு, அதை அச்சில் ஏற்ற முடியாது.

தொழிற்சாலை ஸ்பிரிங்குகளையும் புதிய குழாயையும் போட்ட பிறகு அதே கார் அன்றாடம் ஓட்டக்கூடியதாகிவிட்டது. பிரேக் பிடித்தால் மூக்கு தாழும் என்பதால், வேகத்தடைக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, ஏறும் கணத்தில் பிரேக்கை விட்டுவிடுகிறேன். செங்குத்தான வாயில்களில் இடமிருந்தால் ஒரு சக்கரம் முந்தும்படி சாய்வாக ஏறுகிறேன். நிறுத்துமிடத்தின் கான்கிரீட் தடுப்பின் பக்கம் முன்பக்கத்தைக் கொண்டுபோவதே இல்லை. நுழையும்போது வழுக்கி ஏறிவிடும் பம்பர் விளிம்பு, பின்னால் எடுக்கும்போது தடுப்பில் மாட்டிப் பம்பரையே பிடுங்கிவிடும். பழுதானால் இழுவை வண்டியை அழைக்கும்போதே கார் தாழ்வானது, சாய்தளத்துக்குப் பலகைகள் வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். இவ்வளவு கவனத்தோடு ஓட்டியதில் முன் விளிம்பில் சில கீறல்கள் விழுந்திருக்கின்றன. நடுப்பகுதியில் ஒன்றுகூட இல்லை.

படங்களையும் மெக்கானிக்கின் எழுத்துபூர்வமான அறிக்கையையும் அனுப்பியபின், ஹைட்ராலிக் சீலுக்கான செலவை மட்டும் தருவதாக டீலர் ஒப்புக்கொண்டார். குழாய், ஸ்பிரிங் ஆகியவற்றைப் பற்றி இனி எங்கும் பேசமாட்டேன் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. நான் கையெழுத்திடவில்லை. கழற்றிய பாகங்கள் எல்லாம், அந்தப் புதிய அடிமூடி உட்பட, புகாருக்குச் சான்றாக என்னிடமே இருக்கின்றன.