கறுப்புப் பேனலில் கீறல் போடுவதும் அவர்களே, எடுக்கக் காசு கேட்பதும் அவர்களே: உஷார்

சர்வீஸ் சென்டரில் ஆயில் மாற்றக் கொடுத்த கார் திரும்பி வருகிறது. கால் வைக்கும் இடத்தில் காகிதம் விரித்து, உள்ளே மணக்க மணக்கத் துடைத்துத் தருகிறார்கள். சாயங்கால வெயில் கியர் பக்கம் சாய்வாக விழும்போதுதான் விஷயம் தெரியும். கறுப்புக் கண்ணாடி மாதிரி இருந்த கன்சோல், அதாவது கியரைச் சுற்றியுள்ள பேனல், முழுக்கச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல். போய்க் கேட்டால், "அது தானா வர்றது சார், இந்த மெட்டீரியலே அப்படித்தான்" என்பார்கள். மூச்சு விடுவதற்குள் அடுத்தது வரும்: "ஸ்க்ராட்ச் ரிமூவல் பேக்கேஜ் இருக்கு, போட்டுடலாமா?"

தானாகவெல்லாம் வராது. பியானோ பிளாக் என்று விற்கப்படும் இந்தப் பேனல் பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக் அல்லது அதோடு பாலிகார்பனேட் கலந்தது. வெளியே கதவுகளுக்கு நடுவில் உள்ள பில்லரில் அக்ரிலிக்கும் உண்டு. சிலவற்றின் மேல் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. எதுவானாலும் மேற்பரப்பு மென்மையானது. படியும் தூசியில் குவார்ட்ஸ் மணல்துகள் இருக்கிறது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அதன் கடினம் 7. உலர்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், துணியே உப்புத்தாள் ஆகிவிடும். கதவுப் படியைத் துடைத்த அதே துணி கன்சோலுக்கும் வந்தால் கேட்கவே வேண்டாம். போதாக்குறைக்கு, உலர்வாகத் தேய்க்கத் தேய்க்க பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, துடைத்த இடத்திலேயே தூசி மறுபடி வந்து ஒட்டும்.

இனி அந்தப் பேக்கேஜ். பல இடங்களில் கீறலை எடுப்பதில்லை, அடைக்கிறார்கள். கிளேஸ் என்ற எண்ணெய்ப் பசையுள்ள பூச்சைத் தேய்த்தால் கீறலின் பள்ளம் நிரம்பி வெளிச்சம் சிதறாமல் போகும். பில் போடும் நேரத்தில் பேனல் புத்தம் புதிதாக இருக்கும். நாலு தடவை கழுவியதும் கோடுகள் வந்த வழியே திரும்பிவிடும். காசு கொடுக்கும் முன் இதை ஓரளவு பிடிக்க முடியும். ஷாம்பு கலந்த நீரில் நனைத்த சுத்தமான துணியால் அவர்களையே இரண்டு மூன்று முறை துடைக்கச் சொல்லுங்கள். காய்ந்ததும் போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நிஜமாக பாலிஷ் செய்திருந்தால் கோடு திரும்பாது. சோதிக்கிறேன் என்று தின்னரோ கெட்டியான ஆல்கஹாலோ ஊற்ற விடாதீர்கள்; அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்பு விழும்.

"கோட் எவ்வளவு இருக்குன்னு பாருங்க" என்று மீட்டரைப் பில்லர் மேல் வைத்துக் காட்டுவது இன்னொரு வித்தை. சாதாரண பெயின்ட் தடிமன் மீட்டர் வேலை செய்ய, பெயின்டுக்கு அடியில் இரும்போ அலுமினியமோ இருக்க வேண்டும். பிளாஸ்டிக்குக்கு ஒலி அலையால் அளக்கும் அல்ட்ராசோனிக் வகை வேண்டும். மற்றதில் வரும் எண்ணுக்கு மதிப்பே இல்லை. பாதுகாப்புக்கு என்று மேலே பூசும் செராமிக் கோட்டிங்கின் '9 எச்' என்பதும் பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் கடின அளவு. மோஸ் 9 என்று நினைத்துக்கொள்ள வைப்பதில்தான் வியாபாரம் ஓடுகிறது. கோட்டிங் போட்டால் தூசி லேசாகக் கழன்று வரும், அவ்வளவுதான். உலர்துணியிலிருந்து அது காப்பாற்றாது. காப்பாற்றுவது மேலே ஒட்டும் டி.பி.யு. என்ற மீள்தன்மையுள்ள பிளாஸ்டிக் படலம். அதிலும் டி.பி.யு. என்று சொல்லி பி.வி.சி. படலத்தைத் தலையில் கட்டுவார்கள், பேனல் மேலேயே வைத்துப் பிளேடால் வெட்டி அடியில் கோடு போட்டும் தருவார்கள். பேனலின் வடிவத்துக்கு அளவெடுத்து முன்கூட்டியே வெட்டிய படலம்தான் என்பதை உறுதி செய்துகொண்டு சம்மதியுங்கள்.

இரண்டு வாஷுக்கு நடுவே நீங்களே துடைப்பதற்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். பேனல் சூடாக இருக்கும்போது தொடாதீர்கள். கேமரா லென்ஸுக்கு வைத்திருப்பார்களே, அந்த ரப்பர் ஊதுகுமிழால் முதலில் தூசியை ஊதுங்கள். இடுக்குக்கு மேக்கப் பிரஷ் மாதிரி மெல்லிய மயிர் உள்ளது போதும். அதன் கழுத்தில் இருக்கும் உலோகப் பட்டையை மறக்காமல் டேப் சுற்றி மூடுங்கள். பலர் கீறிவிடுவது அதனால்தான்.

அடுத்து, அலசத் தேவையில்லாத 'ரின்ஸ்லெஸ்' ஷாம்பு. பலவற்றுக்கு விகிதம் 1:256, அதாவது 1 லிட்டருக்குச் சுமார் 4 மி.லி.; உங்கள் பாட்டிலில் வேறு அளவு போட்டிருந்தால் அதுவே கணக்கு. டிஸ்டில்டு வாட்டரில் கலந்தால் உப்புக் கறை விழாது. உள்ளே பேனல் மேல் நேராக அடிக்காமல் துணியில் அடியுங்கள், சுவிட்ச் இடுக்கில் நீர் இறங்கக் கூடாது. துணி 350 முதல் 500 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) மைக்ரோஃபைபர், ஓரத் தையல் இல்லாதது, லேபிளை வெட்டி எடுத்தது. இரண்டாக மடித்து மறுபடி இரண்டாக மடித்தால், பிரித்துத் திருப்பித் திருப்பி எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகத்துக்கு ஒரே இழுப்பு, ஒரே திசை, கையின் கனம் மட்டும். வட்டமாகத் தேய்க்கவே கூடாது. கைரேகை போகவில்லையா, அழுத்தாதீர்கள். புது முகத்தால் இன்னொரு இழுப்பு. பறவை எச்சம், காய்ந்த அழுக்கு என்றால் நனைத்த துணியை ஒன்றிரண்டு நிமிடம் மேலே போட்டு ஊறவிடுங்கள். வெளியே பில்லரில் சேறு இருந்தால் துணியே வேண்டாம், தண்ணீர் அடிக்கும்வரை அப்படியே கிடக்கட்டும்.

தரையில் விழுந்த துணி அதோடு வீல் துடைக்கப் போய்விட வேண்டும். துவைக்கும்போது பருத்தித் துணியோடு சேர்க்காதீர்கள், சாஃப்ட்னர் ஊற்றாதீர்கள். டிஷ்யூ, பற்பசை, மெலமைன் ஸ்பான்ஜ், அம்மோனியா உள்ள கண்ணாடி ஸ்ப்ரே எதுவும் பேனல் பக்கம் வரக் கூடாது.

வண்டியைச் சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டில் "உட்புறம் துடைக்க வேண்டாம்" என்று எழுத வைத்து, ஒரு நகல் வாங்குங்கள். டார்ச் வெளிச்சத்தில் கன்சோலையும் பில்லரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "முன்னாடியே இருந்தது சார்" என்பதற்கு அதுதான் பதில்.

கீறல் ஏற்கெனவே விழுந்துவிட்டதா? நகத்தில் தட்டுப்படாத கோடு மென்மையான ஃபோமும் மிக நைஸான பாலிஷும் கொண்டு கையால் தேய்த்தாலே குறையும். சுழன்று தேய்க்கும் ரோட்டரி மெஷின் வைத்தால் சூட்டில் பிளாஸ்டிக் இளகிவிடும். நகம் தட்டினால் பாலிஷுக்குச் செலவழிக்காதீர்கள். கியரைச் சுற்றியுள்ள பேனல் பல மாடல்களில் கிளிப்பில் கழன்று வரும் தனிப் பார்ட். பேக்கேஜுக்குத் தலையாட்டும் முன் அந்தப் பார்ட்டின் விலையைக் கேளுங்கள்.