சி-ரெட்யூஸ்: கம்பைலர் விழும்போது கைகொடுக்கும் கருவி

கோடை ஓடும் ப்ரோக்ராமாக மாற்றுவது கம்பைலர். கோடை வேகப்படுத்தச் சொல்லும் ஓ2 (-O2) ஆப்ஷன் வைத்தால் கம்பைலரே விழுகிறது (க்ராஷ்), வேகப்படுத்தாத ஓ0-வில் ஒழுங்காக ஓடுகிறது. உடனே பலர் முழு ப்ராஜெக்ட்டையும் ஓ0-வுக்கு இறக்கிவிடுகிறார்கள். வேகம் போய்விடும், வேண்டாம். அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் ஓ1 (குறைந்த அளவு வேகப்படுத்தல்) கொடுத்தாலே பெரும்பாலும் போதும்.

சரி, எந்த வரி காரணம்? அதைப் பிடிக்க நான் நம்புவது, யூட்டா பல்கலைக்கழகத்தில் உருவான சி-ரெட்யூஸ். ப்ரீப்ராசஸ் செய்த (#include எல்லாம் உள்ளேயே விரித்த) ஃபைலையும், அதே க்ராஷ் வந்தால் 0 திருப்பும் சின்ன ஷெல் ஸ்கிரிப்டையும் கொடுங்கள். வெட்டி வெட்டி, ஆயிரக்கணக்கான வரிகளைப் பெரும்பாலும் பத்திருபதாக்கிவிடும். ஸ்கிரிப்ட் க்ராஷ் செய்தியையே கிரெப் செய்ய (தேடிப் பார்க்க) வேண்டும். இல்லையென்றால் சி-ரெட்யூஸ் சம்பந்தமில்லாத வேறு பிழையைத் துரத்திக்கொண்டு போய்விடும். டெம்ப்ளேட் நிறைந்த சி++ ஃபைல் என்றால் ராத்திரி ஓட விட்டுத் தூங்கப் போங்கள், அவ்வளவு மெதுவு.