பழைய மில்லிங் மெஷினை ரீகண்டிஷனுக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

நீலகிரியில் பட்டறை வைத்திருப்பவர்கள், டீ ஃபேக்டரி ஒர்க்‌ஷாப்பைப் பார்த்துக்கொள்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். ரீகண்டிஷன் என்ற பேரில் பட்டி பூசி, பெயின்ட் அடித்து, கையோடு பாகங்களையும் உருவிக்கொண்டு மெஷினை மேலே அனுப்பிவிடும் ஆள் இருக்கிறார்.

கோத்தகிரியில் எங்கள் பட்டறைக்கு வருவதில் பாதிக்கு மேல் டீ ஃபேக்டரி வேலைதான். ரோலிங் டேபிள் கியர், கன்வேயர் ஸ்ப்ராக்கெட், ஃபேன் ஷாஃப்டில் கீவே (கீ உட்காரும் பள்ளம்) என்று எல்லாவற்றுக்கும் இருப்பது ஒரே மில்லிங் மெஷின். அப்பா வாங்கிப் போட்ட எச்.எம்.டி. யுனிவர்சல், பிஞ்சோர் ஆலைத் தயாரிப்பு. அந்த ஆலை 1963-ல் தொடங்கியது. அந்தக் காலத்து வார்ப்பின் கனம் இன்றைக்குக் கிடைக்காது. ஆனால் டேபிள் வழுக்கி நகரும் ஸ்லைடெல்லாம் தேய்ந்துபோய், கொஞ்ச நாளாகவே கீவேயின் பக்கச் சுவர் அலை அலையாக வர ஆரம்பித்திருந்தது.

காயலான் கடைக்காரர் கிலோ முப்பது ரூபாய்க்குக் கேட்டார். இரண்டு டன் எடை, அறுபதாயிரம் தேறும். கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலில் டெஸ்ட் பார் மாட்டி, டயல் வைத்து ஆட்டம் பார்த்தோம். 300 மில்லிமீட்டர் தள்ளிக்கூட 20 மைக்ரானைத் தாண்டவில்லை. கியர்பாக்ஸில் ஒரு பல் உடையவில்லை. வார்ப்பில் விரிசல் இல்லை. இந்த மூன்றும் போயிருந்தால் யோசிக்காமல் இரும்புக்குப் போடலாம். வெறும் தேய்மானம் என்றால் அந்த மெஷினைக் காப்பாற்றத்தான் வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

கோவையில் ஒருவரிடம் 1,85,000 ரூபாய்க்குப் பேசினோம், பாதி அட்வான்ஸ். ஸ்லைடுகளை கிரைண்டிங் போட்டு, டர்சைட் என்ற பிளாஸ்டிக் தகடு ஒட்டி, கையால் ஸ்க்ரேப்பிங் செய்து (மேட்டைச் சுரண்டிச் சமமாக்கி) தருவதாகப் பேச்சு. டர்சைட் எதற்கு என்றால், கிரைண்டிங்கில் இரும்பு போன அளவுக்கு டேபிள் கீழே இறங்கிவிடும். லீட் ஸ்க்ரூவும் நட்டும் நேர்க்கோட்டில் நிற்காது. இறங்கிய உயரத்தை இந்தத் தகடுதான் ஈடுகட்டும். டேபிளும் வழுக்கிக்கொண்டு ஓடும்.

ஐப்பசி மழையில், கிரீஸ்கூடத் தடவாமல், வெறும் தார்ப்பாயைப் போர்த்தி லாரியில் ஏற்றிவிட்டார். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏறி வந்து சேர்வதற்குள் டேபிள் மேலெல்லாம் சிவப்பாகத் துரு. உடம்பு மட்டும் ஷோரூம் மெஷின் மாதிரி பளபளவென்று இருந்தது.

டேபிள் ஹேண்டிலைச் சுற்றினேன். நடுவில் லேசாக ஓடியது, இரண்டு கடைசிக்கும் போகப் போக இறுகி நின்றது. ஸ்லைடின் இடைவெளியை இறுக்கும் ஆப்பான கிப்பைத் தளர்த்தினால் கடைசியில் ஓடுகிறது, நடுவில் ஆடுகிறது. வேலையெல்லாம் டேபிளின் நடுவிலேயே நடப்பதால் நடுப்பகுதிதான் அதிகம் தேயும். அந்தத் தேய்மானம் அப்படியே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஃபோன் போட்டால், “புதுசு மாதிரி பண்ணிருக்கோம், டைட்டாத்தானுங்க இருக்கும். ஓட்ட ஓட்டச் சரியாயிரும்ங்கண்ணா” என்றார்.

சரி என்று கிப்பை உருவி, டேபிளையே கழற்றிப் பார்த்தோம். பச்சை கலந்த நீலத்தில் இருக்க வேண்டிய டர்சைட் தகடு எங்கேயும் இல்லை. தேய்ந்த இரும்பின் மேலேயே பிறை பிறையாக ஸ்க்ரேப்பர் தடம் போட்டிருந்தார், பார்ப்பவர் கண்ணுக்காக. கீழே, டேபிளைத் தாங்கும் சேடில் போய் எட்டாத ஓரத்தில், பழைய தேய்மானத்தால் வந்த படி ஒன்று அப்படியே நின்றது. விரல் நகம் அதில் தட்டியது. துல்லியமாகச் சமமான சர்ஃபேஸ் பிளேட்டில் ப்ளூ மை தடவி டேபிளை வைத்தால் இரண்டு முனையில் மட்டும் ஒட்டியது, நடுவில் ஒன்றுமில்லை.

இதைவிட வயிற்றெரிச்சல், கியர் வெட்ட வட்டத்தைச் சம பாகமாகப் பிரித்துத் தரும் டிவைடிங் ஹெட்டின் இண்டெக்ஸ் பிளேட் ஒன்று காணவில்லை. 37, 39, 41, 43, 47, 49 துளை வட்டங்கள் உள்ள தட்டு. 37 பல் கியர் வெட்ட வேண்டுமென்றால் கிராங்க்கை ஒரு முழுச் சுற்றும், 37 துளை வட்டத்தில் மூன்று துளையும் நகர்த்த வேண்டும். அந்தத் தட்டு இல்லாமல் அந்தக் கியரை எங்கே வெட்டுவது? “ஏத்தும்போதே இல்லைங்கண்ணா” என்கிறார். லாரியில் ஏற்றும் முன் எடுத்த படத்தில் மூன்று தட்டும் வரிசையாக இருக்கின்றன. படத்தை அனுப்பிய பிறகு ஃபோனையே எடுப்பதில்லை.

மீதிப் பணம் கொடுக்கவில்லை, கொடுக்கப் போவதும் இல்லை. நீங்கள் கொடுப்பதாக இருந்தால் கழற்றக்கூடிய பாகம் எல்லாவற்றையும் படம் எடுத்து, பட்டியல் போட்டு அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பெயின்ட் அடிக்கும் முன்பே நேரில் போய், டேபிளைத் தூக்கச் சொல்லி, ப்ளூ போட்டுக் காட்டச் சொல்லுங்கள். உண்மையாக ஸ்க்ரேப்பிங் செய்தவர் சந்தோஷமாகக் காட்டுவார். கடைசித் தவணையை உங்கள் பட்டறையில் டெஸ்ட் கட் எடுத்த பிறகு என்று எழுதிக்கொள்ளுங்கள். சாக்கு சொல்கிறவரிடம் மெஷினை ஏற்றாதீர்கள், காயலான் கடைக்கும் அவசரப்பட்டுத் தள்ளாதீர்கள்.

அப்புறம் ஒரு உதவி. அந்த இண்டெக்ஸ் பிளேட்டின் பின்பக்கம் அப்பா சென்டர் பஞ்சால் அடித்த மூன்று புள்ளி இருக்கும். உக்கடம் பக்கம் பழைய சாமான் கடைகளில் யார் கண்ணிலாவது பட்டால் தகவல் சொல்லுங்கள், விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.