பாரிஸ் கேக் டேஸ்டிங்: திங்கட்கிழமை டிக்கெட்டும் போன 236 யூரோவும்

மூணு நாள் ஆச்சு, இன்னும் ஆத்திரம் அடங்கல. பாரிஸ் போறவங்க, சொந்தக்காரங்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறவங்க, இதைப் படிச்சுட்டு அப்புறம் பணத்தைக் கட்டுங்க. என்னென்ன பார்க்கணும்னு கடைசியில வரிசையா எழுதுறேன்.

சுற்றுலா டிக்கெட் விக்கிற ஒரு ஆன்லைன் தளம். அதுல பாரிஸ்ல பேர் பெற்ற ஒரு பாத்திஸ்ரியோட, அதாவது கேக் கடையோட, ஷோகேஸ் போட்டோ, ஆறு வகை ருசி, கூடவே "லாபோவுக்குள்ள செஃபோட சந்திப்பு". ஆளுக்கு 118, ரெண்டு பேருக்கு 236 யூரோ. நம்ப வெச்சதே அந்த "லாபோ"தான். கேக் செய்யிற அறையை பிரெஞ்சுக்காரங்க லாபொரத்துவார்னு சொல்வாங்க, தொழில்ல இருக்கிறவங்க வாயில அது லாபோ. சுற்றுலா விளம்பரத்துல அந்த வார்த்தை இருந்தா உள்ளே இருக்கிறவங்க எழுதினதுன்னுதானே நினைப்போம்?

டிக்கெட் திங்கட்கிழமைக்கு. அங்க ஞாயிறு காலைதான் கேக் வியாபாரம் மும்முரம், அதனால பல கடைக்குத் திங்களோ செவ்வாயோ லீவு. போய் நின்னா ஷட்டர் இறங்கியிருக்கு. எதிர் முனையில கைடு ரெண்டு வெள்ளை அட்டைப் பெட்டியோட நிக்கிறார். "கடை லீவு, உங்களுக்காகவே நேத்து வாங்கிப் பத்திரமா வெச்சிருக்கேன்"னு சிரிச்ச முகமா ஆளுக்கொரு நாப்கின் கொடுத்தார். டிக்கெட் எடுத்து வந்திருந்த எட்டு பேரும் கையை நீட்டி வாங்கியாச்சு. 236 யூரோ போனது அந்த நிமிஷத்துலதான்.

முதல்ல மில்ஃபொய். மூணு அடுக்கு பஃப் பேஸ்ட்ரி, நடுவுல பால், முட்டை மஞ்சக்கரு, சர்க்கரை, ஸ்டார்ச் போட்டுக் காய்ச்சின கஸ்டர்ட். அடுக்கின நிமிஷத்துலேருந்து கஸ்டர்டோட ஈரம் பேஸ்ட்ரிக்குள்ள இறங்கும். அதைத் தள்ளிப்போடத்தான் பேஸ்ட்ரியை நல்ல பழுப்பு வர்ற வரை சுட்டு, கடைசியில ஐசிங் சுகர் தூவி, சூட்டைக் கூட்டி கேரமல் பூச்சா உருக்குவாங்க. அப்பவும் சில மணி நேரம்தான் தாங்கும். அதனால நல்ல கடையில காலையில அடுக்கி அன்னைக்கே வித்துடுவாங்க. சில கடையில ஆர்டர் வந்தாத்தான் அடுக்கவே ஆரம்பிப்பாங்க. ஃபோர்க்கை அழுத்தினா அப்பளம் நொறுங்கற சத்தம் கேக்கணும். இதுல ஃபோர்க் அமுங்குது, கஸ்டர்ட் ரெண்டு பக்கமும் பிதுங்குது, பேஸ்ட்ரி நனைஞ்ச அட்டையா இழுபடுது. மேல இருந்த வெள்ளை ஃபாண்டன்ட் சர்க்கரைப் பூச்சுல வேர்வை முத்து முத்தா நிக்குது. குளிர்ந்த சர்க்கரைப் பூச்சு வெளிக்காத்து ஈரத்தை இழுத்ததுக்கு அதுதான் அடையாளம்.

அடுத்து பாரி-ப்ரெஸ்ட். 1910ல லூயி துரான்கிற கேக் மாஸ்டர், பாரிஸ்-ப்ரெஸ்ட் சைக்கிள் பந்தயத்தை வெச்சு சக்கர வடிவுல செஞ்ச கேக். அதோட ப்ராலினே (சர்க்கரையில வறுத்து அரைச்ச பருப்பு விழுது) க்ரீம்ல வெண்ணெய் ஜாஸ்தி, அதனால சாப்பிடறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடியே ஃபிரிட்ஜை விட்டு எடுத்து வெச்சாத்தான் நாக்குல கரையும். இதுல நடுவுல ஐஸ் நறநறன்னு கடிபடுது! நேத்து கடையில வாங்கின கேக்குல ஐஸ் ஏது? பெட்டியைத் திருப்பிப் பார்த்தா எங்கயும் கடைப் பேர் இல்ல. அப்படிப்பட்ட கடைங்க பெட்டியில பேர் அச்சடிக்காம கொடுக்கவே மாட்டாங்க.

குரோசானும் அதே கதை. வெண்ணெய் 32 டிகிரி பக்கம் உருகிடும், வாயில வெச்சா மறைஞ்சு போகும். வெண்ணெய்க்குப் பதிலாப் போடற பேஸ்ட்ரி மார்கரின் உருக இன்னும் சூடு வேணும், அதனால மேலண்ணத்துல மெழுகாப் படியும். இது படிஞ்சது. 1998 பிரெஞ்சு சட்டப்படி "பூலாஞ்ஜெரி" (ரொட்டிக் கடை)ன்னு போர்டு போட ரொட்டியை அங்கேயே பிசைஞ்சு சுடணும், ஆனா கேக்குக்கும் குரோசானுக்கும் அந்தக் கட்டாயம் இல்ல. ஃபேக்டரியிலேருந்து உறைய வெச்சு வந்த சரக்கை யாரும் வாங்கி விக்கலாம்.

ஆறே ஆறு உருப்படி, ஒவ்வொண்ணும் எட்டுத் துண்டு. எட்டு பேர்கிட்ட வாங்கினது 944 யூரோ. லாபோவும் இல்ல, செஃபும் இல்ல.

பணத்தைத் திருப்பிக் கேட்டா, "டேஸ்டிங் நடத்துறவங்ககிட்ட பேசுங்க"ன்னு டிக்கெட் தளம். "சாப்பிட்டுட்டீங்களே, சேவை முடிஞ்சது"ன்னு நடத்துறவங்க. மறுபடி தளம்: "தேதி குறிச்ச டிக்கெட்டுக்கு 14 நாள் ரத்து உரிமை கிடையாது." சட்டம் அப்படித்தான், மறுக்கல. ஆனா அது மனசு மாறி ரத்து செய்றவங்களுக்கு. சொன்னதைக் கொடுக்காதவங்க அதுக்குப் பின்னால ஒளிய முடியாது. நாலு மெயில், நாலுக்கும் அதே வரி. கடை திறந்ததும் கவுன்டர்ல கேட்டாச்சு: "நாங்க டேஸ்டிங் நடத்துறதே இல்ல, லாபோவுக்குள்ள வெளியாளை விடறதும் இல்ல."

வரிசையா எழுத இப்போ பொறுமை இல்ல. டிக்கெட் நாள் கடை திறந்திருக்கான்னு கடையோட சொந்தப் பக்கத்துலயே பாருங்க. சந்திக்கிற இடம் கடை விலாசமா, தெருமுனையான்னு பாருங்க. பேர் இல்லாத பெட்டின்னா வாயில வைக்காம போட்டோ எடுங்க, ஏன்னா சாப்பிட்டதைத்தான் காரணம் காட்டுறாங்க. நேரா கடைக்குப் போனா ஒரு ஆள் சாப்பிடற அளவு கேக் முழுசா சுமார் பத்து யூரோதான். ஏமாந்துட்டா சிக்னல்கோன்சோங்கிற பிரெஞ்சு அரசுத் தளத்துல புகார் கொடுங்க, கார்டு கொடுத்த வங்கியிலயும் எழுதிக் கொடுங்க. 236 யூரோவுக்கு ரெண்டும் போட்டாச்சு. விளம்பரப் பக்கத்தைப் பணம் கட்டுற அன்னைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. அந்த டிக்கெட் தளத்தோட விளம்பரத்துல "லாபோ"ங்கிற வார்த்தை இன்னைக்குக் காலையிலேருந்து இல்ல.