பறவையா, நத்தையா: எதற்குக் கை கொடுப்பது?

அழியும் நிலையில் உள்ள ஓர் உயிருக்கு உதவ நினைத்தால், இந்த இரண்டில் எதைத் தேர்வது? ஒன்று, சிலி நாட்டின் ராபின்சன் குரூசோ தீவில் மட்டுமே கூடு கட்டும் ஹம்மிங் பறவை. மற்றொன்று, ஹவாயின் ஓவாஹூ தீவு மரங்களில் வாழும் அகாடினெல்லா என்ற வகை நத்தைகள்.

எதிரிகள்
பறவைக்கு: பூனை, எலி, அப்புறம் உள்ளூர்ச் செடிகளை அமுக்கிவிட்டுப் பரவும் பிளாக்பெர்ரிப் புதர்.
நத்தைக்கு: எலி, பச்சோந்தி, எல்லாவற்றையும்விட மோசமாக 1955-இல் மனிதர்களே கொண்டுவந்து விட்ட, மற்ற நத்தைகளைத் தின்னும் ரோஜா நிற ஓநாய் நத்தை.

பெருகும் வேகம்
இங்கேதான் நத்தை என்னைக் கலங்க வைக்கிறது. முட்டை இடாமல் ஒவ்வொரு குட்டியாக ஈனும், அந்தக் குட்டி பெரிதாகி இனம் பெருக்கவே சில ஆண்டுகள் ஆகும் என்பதால் ஒரே ஓர் எலி ஒரு மரத்தில் உள்ள நத்தைகளையெல்லாம் தின்றுவிட்டால் இழப்பை ஈடுகட்ட வழியே இல்லை. ஆய்வகத்தில் தனியாக வாழ்ந்த ஜார்ஜ் என்ற நத்தை 2019 ஜனவரி 1 அன்று இறந்தது, அகாடினெல்லா அபெக்ஸ்ஃபுல்வா இனத்தில் அறியப்பட்ட கடைசி உயிர் அது.

காப்பாற்றும் வழி
பறவைக்கு: புதரை வெட்டி, உள்ளூர் மரங்களை நட்டு, பூனைகளைக் கட்டுப்படுத்த வேண்டும்.
நத்தைக்கு: வேலி அடைத்த சிறு காடு, ஆய்வகக் கூண்டு.

காட்டையே மீட்க விரும்பினால் பறவையின் பக்கம் போங்கள். அவசரம்தான் முக்கியம் என்றால், என் தேர்வு நத்தை.