எந்த வகைக் கசிவு என்று கேட்காமலே ஆறு முறை லேசர் வைத்தார்கள்

வெளியே போய்விட்டு வந்து, வீட்டுக் கதவைத் திறக்கச் சாவியை எடுப்பேன். அவ்வளவுதான். அதுவரை சும்மா கிடந்த சிறுநீர்ப்பை முட்டிக்கொண்டு வரும். சாவி பூட்டுக்குள் நுழைவதற்குள் துணி நனைந்துவிடும். இரண்டு வருடம் இந்தக் கூத்து. பகலில் பன்னிரண்டு, பதின்மூன்று தடவை. இரவில் மூன்று தடவை எழுந்திருப்பேன். எங்கே போனாலும் என் கண் முதலில் தேடுவது கழிப்பறையைத்தான். கைப்பையில் மாற்றுத்துணி, உடுத்துவது எப்போதும் கறுப்பு. என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. நான் ஏமாந்ததற்குப் பாதிக் காரணம் அந்த மௌனம்தான்.

ஒரு நாள் ராத்திரி இரண்டாவது தடவை எழுந்தவள் தூக்கம் வராமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'அறுவை சிகிச்சை இல்லை, மாத்திரை இல்லை, சிறுநீர்க் கசிவுக்கு நிரந்தரத் தீர்வு' என்று ஒரு விளம்பரம். பெயரையும் எண்ணையும் நிரப்பி அனுப்பினேன். விடிந்ததும் அழைத்துவிட்டார்கள்.

போனால், வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் உட்காரவைத்துப் பேசினார். அவர் டாக்டர் இல்லை, 'ஆலோசகர்' என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என் வயது என்ன, எத்தனை குழந்தைகள், எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டார். அதற்கு மேல் ஒரு கேள்வி கிடையாது. சிறுநீர்ப் பரிசோதனை இல்லை. சர்க்கரை இருக்கிறதா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு படத்தைக் காட்டி, "தசை தளர்ந்துபோச்சு மேடம், லேசர் வெச்சு இறுக்கிடலாம், ஆறு தடவை வந்தா போதும்" என்றார். மொத்தப் பணத்தையும் அன்றே கட்டினால் தள்ளுபடி, நாளைக்கு வந்தால் கிடையாதாம். நான் தயங்கியதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "இதெல்லாம் வெளியில சொல்ல முடியாத விஷயம் இல்லையா? உங்க விவரம் ஒருத்தருக்கும் போகாது" என்றார். அந்த நேரத்தில் அது ஆறுதலாகத்தான் இருந்தது. நான் யாரிடமும் கேட்டுப் பார்க்க மாட்டேன் என்பதை அவர் உறுதிசெய்துகொண்டார் என்று இப்போது புரிகிறது.

லேசரோடு, மேலே எதுவும் எழுதாத ஒரு டப்பாவில் பொடி கொடுத்தார்கள். நாளைக்கு மூன்று டம்ளருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்றார்கள். மூன்றாவது தடவை முடிந்தபோது உள்ளே எரிச்சல், மலச்சிக்கல் வேறு. சிறுநீர் அடர் மஞ்சளாகி, அவசரம் முன்பைவிட அதிகமாகியிருந்தது. கேட்டதற்கு, "உடம்பு ஏத்துக்கிட்டு வருது, ஆறும் முடியட்டும்" என்றார்கள். ஆறும் முடிந்தது. சாவியை எடுத்தால் அதே கதை. அப்புறம், இன்னும் நான்கு தடவை வைத்தால் சரியாகிவிடும், அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது நான் கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினார்கள். 'பலன் ஆளுக்கு ஆள் மாறும், கட்டிய தொகை திருப்பித் தரப்படாது' என்று பொடி எழுத்தில் இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்புதான்.

பிறகு ஒருவழியாகக் கணவரிடம் சொல்லிவிட்டு, யூராலஜி (சிறுநீர்ப்பாதை நோய்கள்) டாக்டரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "தும்மினா, இருமினா, கனமா எதையாவது தூக்கினா கசியுதா? இல்ல, திடீர்னு அவசரமா வந்து அடக்க முடியாம போகுதா?" எனக்கு இரண்டாவது. முதல் வகையில் சிறுநீர்ப்பாதையைத் தாங்கும் தசைகள் பலவீனமாகியிருக்கும். இரண்டாவதில், சிறுநீர்ப்பை நிரம்புவதற்கு முன்பே அதன் சுவர்த்தசை தானாகச் சுருங்கிவிடுகிறது. ஓவர்ஆக்டிவ் பிளாடர் என்று சொல்வது இதைத்தான். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. ஆக, அந்த லேசர் அவர்கள் சொன்னபடியே வேலை செய்திருந்தாலும், என் பிரச்சினை இருக்கும் இடம் அது இல்லை. போதாததற்கு, பெண்ணுறுப்பில் லேசர் வைத்துச் சிறுநீர்க் கசிவைக் குணப்படுத்துவதாகச் சொல்வதற்குப் போதிய ஆதாரம் இல்லை, தீக்காயமும் தழும்பும் ஏற்படக்கூடும் என்று அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018 ஜூலையிலேயே எச்சரித்திருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் நான் தேடிப் படித்திருக்க வேண்டியது இது.

டாக்டர் செய்ததெல்லாம் சாதாரண வேலை. கிருமித்தொற்று, சர்க்கரை, ரத்தம் இருக்கிறதா என்று சிறுநீர்ப் பரிசோதனை. சிறுநீர் கழித்த பிறகு உள்ளே எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஒரு ஸ்கேன். அதோடு, மூன்று நாள் குறிப்பேடு எழுதச் சொன்னார்: எப்போது, எவ்வளவு குடித்தேன், எப்போது, எத்தனை மில்லி போனேன், எப்போது கசிந்தது. அளவுக்கோப்பை வைத்து அளந்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. பல தடவை 100 மில்லிகூட இல்லை. சாதாரணமாக 300, 400 மில்லி தாங்கும் பை அது. 'எதற்கும் ஒரு தடவை போய்விட்டு வந்துவிடுவோம்' என்று போய்ப் போய், கொஞ்சம் சேர்ந்தாலே மணி அடிக்க அதைப் பழக்கியிருக்கிறேன்.

அதை மாற்ற டாக்டர் ஒரு பயிற்சி சொன்னார். முதலில் முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் போக வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியைக் கூட்ட வேண்டும். அவசரம் வந்தால் ஓடக் கூடாது. நின்ற இடத்திலேயே நின்று, சிறுநீரை அடக்கும்போது இறுக்குகிற இடுப்படித் தசையைப் படபடவென ஐந்தாறு முறை இறுக்கித் தளர்த்த வேண்டும். அலை அடங்கியதும் நடந்து போகலாம். முதல் வாரம் 'இதெல்லாம் ஒரு வைத்தியமா' என்றுதான் நினைத்தேன். காபியைக் குறைத்தேன், தண்ணீரைக் கூட்டினேன். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகிப் பையை இன்னும் உறுத்துமாம். அதாவது அந்த மூன்று டம்ளர் கணக்கு எனக்குக் கெடுதலே செய்திருக்கிறது.

சில வாரம் கழித்து மாத்திரையும் சேர்த்தார். ஆக்ஸிபியூட்டினின், சாலிஃபெனாசின் போன்றவை வாய் வறட்சியும் மலச்சிக்கலும் தரும், வயதானவர்களுக்குக் குழப்பம்கூட வரலாம் என்று சொல்லி, எனக்கு மிராபெக்ரான் எழுதினார். இதில் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கும் கேட்காவிட்டால் சிறுநீர்ப்பையின் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி, நரம்பைத் தூண்டும் சிகிச்சை என்று இருக்கின்றன. போடாக்ஸின் பலன் சில மாதங்கள்தான், திரும்பத் திரும்பப் போட வேண்டும் என்பதையும் அவரே சொல்லிவிட்டார். 'நிரந்தரத் தீர்வு' என்ற வார்த்தை அவர் வாயில் ஒரு தடவைகூட வரவில்லை.

இப்போது பகலில் ஏழெட்டுத் தடவை, இரவில் ஒரு தடவை. முழுசாகச் சரியாகவில்லை. போன வாரம்கூடக் கையில் சாவியோடு இரண்டு சொட்டு.

அந்த இடத்தைப் பற்றிப் புகார் எழுத எனக்குப் பல மாதங்கள் ஆயின. என்ன வியாதிக்குப் போனேன் என்று எழுத வேண்டுமே, அந்தக் கூச்சம்தான். எழுதும்போது, என் சிகிச்சை ஆவணங்கள் எல்லாவற்றையும் அவர்களிடம் கேட்டு வாங்கினேன். இரண்டே தாள்கள் வந்தன. ஒன்று பணம் கட்டிய ரசீது. இன்னொன்று நான் கையெழுத்துப் போட்டது. எனக்கு என்ன நோய் என்று இரண்டிலும் எழுதியிருக்கவில்லை.